சரளா கட்டிய லிஃப்ட் பாட்டு

பெங்களூரில் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு பெரிய அபார்ட்மென்ட்டில் சரளா ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். வயது நாற்பத்திரண்டு. சிவாஜிநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். கூட்டிப் பெருக்கும் பதினோரு பெண்களும் அவள் பேச்சைக் கேட்பார்கள். குடியிருப்பவர்களோ அவளிடம் குப்பையைப் பற்றியும் லிஃப்ட்டைப் பற்றியும்தான் பேசுவார்கள்.

அபார்ட்மென்ட்டின் பத்தாம் ஆண்டு விழாவுக்கு அசோசியேஷன் தலைவர் ஷங்கரின் மகள் ஸ்னேஹா டான்ஸ் பழக்கிக்கொண்டிருந்தாள். ஹாலைத் துடைக்க வந்த சரளா, ஸ்பீக்கரில் ஓடிய தமிழ்ப் பாட்டைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஸ்னேஹாம்மா, இந்தப் பாட்டுக்கா ஆடப் போறீங்க?"

"ஆமாக்கா. பீட் செமையா இருக்குல்ல?"

"இது சாவுப் பாட்டும்மா. எங்க கொழுந்தனாரைத் தூக்கிட்டுப் போறப்ப இதைத்தான் பாடினாங்க."

ஸ்னேஹா சிரித்தாள். "வார்த்தையை யாருக்கா கவனிக்கிறாங்க? இங்க பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமே?"

ஸ்னேஹா பாட்டைத் திரும்பப் போட்டாள். 'வாசலைக் கழுவி விடு, வரமாட்டேன் திரும்பி' என்று குரல் துள்ளிக்கொண்டு வந்தது. இருநூறு தடவையாவது கேட்டிருப்பாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து சரளாவுக்கே பாவமாகிவிட்டது.

"ஐயோ, நாலு நாள்தான் இருக்கு. ஸ்டெப்பெல்லாம் பழகியாச்சே!"

"மோளம் அப்படியே இருக்கட்டும். வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க. நான் வேற கட்டித் தர்றேன்."

வாயை விட்டு வந்த பிறகுதான் சரளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை புத்த விஹாரத்தில் நாலு பேரோடு சேர்ந்து பாடுவதோடு சரி, பாட்டுக் கட்டியெல்லாம் பழக்கமில்லை. ஆனால் அன்று சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் முக்கால் மணி நேரம் நகராமல் நின்றபோது முதல் நான்கு வரி வந்துவிட்டது. மறுநாள் பாடிக் காட்டினாள்.

"மேடையிலயும் நீங்கதான் பாடணும்" என்றாள் ஸ்னேஹா.

விழாவன்று முன்வரிசைக்காரர்கள் தாளத்துக்குக் கைதட்டினார்கள். வார்த்தை அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சரளா மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைத் தூக்கினாள்.

"பத்து மாடி மேல இருக்கும் பெரிய மனுசரே,
பளபளன்னு முகம் பாக்கும் லிஃப்ட்டு நாங்க தொடச்சதே!"

பின்னால் நின்ற டிரைவர்களும் செக்யூரிட்டிகளும் விசிலடித்தார்கள். அவளுடைய பதினோரு பெண்களும் நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். ஷங்கர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்ன பாடினாங்க? சொல்லுங்க!" என்று பக்கத்திலிருந்த வங்காளத்து அம்மா அவரை உலுக்கினாள். அவர் சொன்ன அர்த்தம் வரிசை வரிசையாகப் பின்னால் போக, சிரிப்பும் கூடவே போனது. "ஒன்ஸ் மோர்!" என்று கூரை அதிர்ந்தது.

இரண்டாம் முறை கைதட்டல் தாளத்துக்கு விழவில்லை. அந்த வரி முடியும்வரை மொத்தக் கூட்டமும் காத்திருந்து தட்டியது.

இப்போது அக்கம்பக்கத்து அபார்ட்மென்ட்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். "கேக்கறவங்க எந்த பாஷை?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. போன மாதம் ஒரு பாட்டை முழுக்கக் கன்னடத்திலேயே கட்டிவிட்டாள்.