ஆறு பேட்டரி, ஆறு ரப்பர் பேண்ட்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலை. எந்தக் கட்டடத்து லிஃப்ட் எந்த மாடியில முனகும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். வீட்டுல குழாய் ஒழுகினா மட்டும் மூணு வாரம் ஆகும். அந்த மூணு வாரமும் எங்க சாப்பாட்டு மேஜை மேல ஒரு ஹெலிகாப்டர் ஜம்முனு உட்கார்ந்திருக்கும். பொம்மைன்னு மட்டும் சொல்லிடாதீங்க, மனுஷனுக்கு முகம் சுருங்கிடும். பேட்டரியில பறக்குற மாடல் ஹெலிகாப்டர்.

அது ஒரு தடவை மேல போனா ஆறு நிமிஷம், மிஞ்சிப்போனா ஏழு. அந்த ஆறு நிமிஷத்துக்காக இவர் பேட்டரிக்குப் பண்ற சேவை இருக்கே, அதுல பாதி எனக்குப் பண்ணியிருந்தா நான் ராணி மாதிரி இருந்திருப்பேன். அஞ்சுல ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே கீழே இறக்கிடணும், ஒட்ட உறிஞ்சினா அதோட ஆயுசு போயிடும். சூடா இருக்கும்போது சார்ஜ் ஏத்தக் கூடாது. பறக்காத நாள்ல முழுசாவும் வைக்கக் கூடாது, காலியாவும் வைக்கக் கூடாது, பாதியில வைக்கணும். தீப்பிடிச்சாலும் பரவாமல் இருக்கணும்னு என் பூந்தொட்டியைக் கழுவி, அதுக்குள்ள வைச்சுத்தான் சார்ஜ் ஏத்துவார். பூச்செடி இப்போ பெயிண்ட் டப்பாவுல வாழுது. கல்யாணமாகி பதினாலு வருஷத்துல என் நெத்தியைத் தொட்டுச் சூடு பார்த்ததைவிட பேட்டரியைத் தொட்டுப் பார்த்ததுதான் அதிகம்.

முழுசா ஏறின பேட்டரிக்கு ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டுவார். பறந்து இறங்கினதும் கழட்டிடுவார். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வைச்சுக்கோங்க.

எங்களோட இருந்தவர் என் மாமனார். ஆறு மாசம் எங்க வீடு, ஆறு மாசம் வெளியூர்ல இருக்குற மூத்த பிள்ளை வீடு. தபால் ஆபீஸ்ல முப்பத்தாறு வருஷம் கடிதம் பிரிச்சவர். ஊர் வாரியா, தெரு வாரியா பிரிச்சு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்கிறதுதான் அவர் உத்தியோகம். ஓய்வு கொடுத்து அனுப்பினாங்களே தவிர அவர் கை ஓயவே இல்லை. என் சமையலறையில கரண்டியெல்லாம் உயர வாரியா நிக்கும். எனக்கு எரிச்சல் வரும், ஆனா தேடினது உடனே கிடைக்கும், அதனால வாயைத் திறக்க முடியாது.

அவருக்குப் பிள்ளை மேல ஒரே ஒரு குறை. "எதையும் கடைசி வரைக்கும் பண்ண மாட்டான்மா." படிப்பைப் பாதியில விட்டாராம், நீச்சல் பாதியில விட்டாராம், அச்சகத்து வேலையை ரெண்டே மாசத்துல விட்டாராம். லிஃப்ட் வேலையில பத்தொன்பது வருஷமா இருக்காரே மாமான்னு சொன்னா, "அது பாதியில நிக்கிறதைச் சரி பண்ற வேலைதானே"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். இவர் சிரிச்சு மழுப்புவார். ஆனா அன்னைக்கெல்லாம் ராத்திரி சாப்பாடு சரியா இறங்காது. எனக்குத்தானே தெரியும்.

மாமனார் மூத்தவர் வீட்டுக்குக் கிளம்ப எட்டு நாள் இருக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை எங்ககூட மைதானத்துக்கு வந்தார். டைல்ஸ் கிடங்குக்குப் பின்னாடி இருக்குற காலி இடம், காலையில ஒன்பதரை வரைக்கும் இவருக்கு விட்டிருக்காங்க. மாமனார் நாற்காலியைத் துடைச்சு, உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைச்சு, மாட்டி, "எங்கடா இருக்கு"ன்னு வானத்துல தேடிக் கண்டுபிடிச்சார். அதுக்குள்ள பேட்டரி தீர்ந்து ஹெலிகாப்டர் இறங்கிடுச்சு.

"அவ்வளவுதானா?"

"ஆறு நிமிஷம்தான்ப்பா ஓடும்."

"இதையும் பாதியிலயே இறக்கிட்டான் பாரு" அப்படின்னு என்னைப் பார்த்துச் சொன்னார்.

இவர் சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் விடுவேன். அதுக்கு முன்னாடி நிறுத்த மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க வீட்டுல இதே பேச்சுதான். ஆறு பேட்டரி, ஒண்ணுக்கு ஆறேழு நிமிஷம், மாத்த ஒரு நிமிஷம். முக்கால் மணி நேரம் வரும். எழுபத்தேழு வயசு கழுத்து அதுக்கு மேல அண்ணாந்து பார்க்காது, போதும்னு சொல்லித்தான் ஆகணும். கணக்கெல்லாம் சரி. சனிக்கிழமை மத்தியானம் மூணு பேட்டரியை முழுசா ஏத்தி, சிவப்பு பேண்ட் மாட்டி அலமாரியில வைச்சார். மீதி மூணு பக்கத்துல பாதிச் சார்ஜ்ல கிடந்துச்சு. அதை எடுக்கப் போகும்போது போன். ஏதோ கட்டடத்துல லிஃப்ட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிச்சு. ஓடினார்.

திரும்பி வரும்போது சாயங்காலம் ஏழு. நான் பக்கத்து வீட்டுல இருந்தேன். அலமாரியில ஆறு பேட்டரியும் சிவப்பு பேண்டோட வரிசையா இருந்துச்சாம். நான் வந்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சார். இந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு நினைச்சேன். காரணம் கேட்கலை, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.

மறுநாள் காலையில எட்டு மணிக்கெல்லாம் மாமனார் இஸ்திரி போட்ட சட்டையோட நாற்காலியில உட்கார்ந்தாச்சு. கண்ணாடியை முன்னாடியே மாட்டியாச்சு. முதல் பேட்டரி, ரெண்டாவது, மூணாவது. ஹெலிகாப்டர் வட்டம் போட்டுச்சு, பின்பக்கமாப் பறந்துச்சு, ஒரு இடத்துல ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. மாமனார் இன்னும் போதும்னு சொல்லலை. இவர் நாலாவது பேட்டரியை மாட்டினார். ரெண்டரை நிமிஷத்துல இவர் கையில இருந்த ரிமோட், பேட்டரி தீரப் போகுதுன்னு கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுடுச்சு. இறக்கினார். சார்ஜ் அளக்குற மீட்டரை எடுத்து வைச்சுப் பார்த்தார். அஞ்சாவதை வைச்சார், ஆறாவதை வைச்சார். முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு.

"நீ இந்த மூணையும் ஏத்தலையா?" என்கிட்ட மெதுவாக் கேட்டார்.

"நான் எதுக்கு ஏத்தறேன்? தொட்டாலே கத்துவீங்களே."

"பேண்ட் போட்டிருந்துச்சே. எனக்காக நீதான் ஏத்தி வைச்சிருக்கேன்னு நினைச்சேன். சந்தோஷத்துல மீட்டர் வைச்சுக்கூடப் பார்க்கலை."

அப்பதான் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் புரிஞ்சுது. என் மேல எனக்கே கோபம் வந்துச்சு. பதினாலு வருஷத்துல ஒரு தடவையாவது நானா ஏத்தி வைச்சிருக்கலாம்.

பின்னாடி நாற்காலி கிறீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. "பேண்ட் போட்டது நான்தான்டா" என்றார் மாமனார். "மூணுல இருந்துச்சு, மூணுல இல்லை. பார்க்க ஒரு மாதிரியா இருந்துச்சு. மேஜை டிராயர்ல சிவப்பு பேண்ட் கிடந்துச்சு, மாட்டிட்டேன்."

இவருக்குக் கோபம் வரலை. அதைவிட மோசம், தோள் தொங்கிடுச்சு. "பரவாயில்லைப்பா. வாங்க, கிளம்பலாம். இதை ஏத்த அரை மணி நேரம் ஆகும். இன்னைக்கும் பாதியில நின்னுபோச்சு."

"உன் பெட்டியில சார்ஜர் இல்லையா?"

"இருக்கு. கார் பேட்டரியில மாட்டணும். ஆனா அரை மணி நேரம் எப்படி நீங்க..."

"நான் போதும்னு சொன்னேனா?"

இவர் பெட்டியை மூடப் போனார்.

"நான் சொல்லலையே. அப்புறம் எங்கடா கிளம்பறே? மாட்டு."

மாட்டினார். மாமனார் நாற்காலியைத் தூக்கிட்டு வரச் சொல்லி, கார் பக்கத்துல போட்டு, சார்ஜர் முன்னாடி உட்கார்ந்துட்டார். எவ்வளவு ஏறியிருக்குன்னு அதுல எண் ஓடுது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. கடிதக் கட்டை எண்ணுற மாதிரி உதட்டை அசைச்சுக்கிட்டே பார்த்தார். பறந்து இறங்கின மூணையும் சிமெண்டுத் திட்டுல நிழல்ல வைச்சுட்டு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை புறங்கையால தொட்டுப் பார்த்து, "இன்னும் சூடு இருக்கு, இப்ப ஏத்தாதே" என்றார். சொல்லிக்கொடுக்க வேண்டியவர் பக்கத்துல வாயைப் பொளந்துக்கிட்டு நின்னார். ஏன் பாதியில வைக்கணும், ஏன் ஒட்ட உறிஞ்சக் கூடாதுன்னு மாமனார் ஒண்ணொண்ணாக் கேட்டார். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தாப்புல அரை மணி நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துடுச்சு. தூசி விழுந்துடுச்சுன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

புதுசா ஏத்தின மூணும் பறந்துச்சு. கடைசிப் பேட்டரி இறங்கும்போது கிடங்கு காவல்காரர் சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டு வந்துட்டார். மணி ஒன்பதரை.

"மாமா, போதுமா?" நான்தான் கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். கழுத்தைப் பிடிச்சு விட்டுக்கிட்டார். "இல்லை" என்றார்.

மறுநாள் பஸ்ஸுக்குக் கட்டி வைச்ச பெட்டி கூடத்துலயே இருந்துச்சு. மாமனார் காலையிலேயே ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து ஆறு அறையாத் தடுத்துக்கிட்டிருந்தார். இடது பக்கம் "முழுசு", நடுவுல "பாதி", வலது பக்கம் "சூடு, தொடாதே". எல்லாம் தபால் ஆபீஸ் கையெழுத்து. பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டதுக்கு, "ஒரு வேலை பாக்கி இருக்கும்மா" என்றார்.

இது நடந்து பதினொரு வாரம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை தவறாம போறாங்க. எங்க வீட்டு லிஃப்ட்காரர் இப்ப சாப்பாட்டுல கூட ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடறார். என் பூந்தொட்டி மட்டும் இன்னும் திரும்பி வரலை.

நேத்து மூத்தவர் போன் பண்ணினார். "அப்பாவை எப்ப அனுப்பறீங்க?"

நான் கூடத்தை எட்டிப் பார்த்தேன். அப்பா பேட்டரியைத் தொட்டுச் சூடு பார்த்துக்கிட்டிருந்தார், பிள்ளை பேண்டைக் கையில வைச்சுக்கிட்டுக் காத்திருந்தார்.

"அவர் போதும்னு சொன்னதும் அனுப்பி வைக்கிறோம்" என்றேன்.