பர்மாவிலிருந்து வந்த வாளின் பெயர்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அங்கே வந்துபோகும் ஒரு ஜப்பானியப் பொறியாளர் பழைய வாள்களைச் சேகரிப்பவர். அவரோடு பேசிப் பேசி அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. வாளுக்கு நான் எங்கே போவேன்? கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே மாட்டும் இரும்பு வட்டுகளைச் சேர்க்க ஆரம்பித்தேன். அதற்காகப் புகுந்த வீட்டில் என்னைக் கேலி செய்யாதவர் இல்லை.

அந்த வீட்டிலேயே ஒரு ஜப்பானிய வாள் இருப்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஆயுதபூஜைக்குப் பள்ளிப்பட்டு போயிருந்தபோது, காக்களூரில் இரும்புச் சாமான்களுக்கு பாலிஷ் போடும் பட்டறை வைத்திருக்கும் என் கொழுந்தன் அதைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"எங்க நைனா பர்மா சண்டையிலேர்ந்து கொண்ணாந்தது," என்றார் மாமியார். "பொட்டியிலயே கெடந்து துரு புடிச்சிக்கிச்சு. பளபளன்னு ஆக்கிக்கினு வரட்டும்."

"வேணாம் அத்தை. மிஷின்ல வெச்சா அவ்ளோதான், போச்சு."

"இன்னா அண்ணி, மில்ட்ரிக்கு ஃபேக்டரில அடிச்ச கத்திக்கா இவ்ளோ பேஜாரு?" என்றான் கொழுந்தன்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. உறையும் கைப்பிடியும் ராணுவத்துக்குச் செய்தவைதான். ஆனால் சில ஜப்பானிய அதிகாரிகள் பரம்பரை வாளை அப்படிப்பட்ட உறையில் போட்டுச் சண்டைக்குக் கொண்டுபோனார்கள் என்று படித்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் அலகைச் சாய்த்தேன். துருவுக்கு நடுவே, வெட்டும் விளிம்பை ஒட்டி, ஒரு வெண்கோடு அலையாக ஏறி இறங்கியது. கையால் அடித்துத் தோய்ச்சல் கொடுத்த அலகில்தான் அப்படி இருக்கும்; மிஷினில் தேய்த்தால் அழிந்துவிடும்.

மாமியாரைக் கேட்டுக்கொண்டு, கைப்பிடியில் செருகியிருந்த மூங்கில் ஆணியை மெதுவாகத் தட்டினேன். கைப்பிடி கழன்றது. உள்ளே கறுத்த இரும்பில் இரண்டு துளைகள். ராணுவக் கைப்பிடிக்கு ஒன்று போதும். மற்றது அதற்கு முன்பிருந்த ஏதோ கைப்பிடிக்குப் போட்டது. பக்கத்தில் உளியால் வெட்டிய எழுத்துகள்: ஓர் ஊர், ஒரு கொல்லரின் பெயர்.

பொறியாளருக்குப் படம் அனுப்பினேன். பொய்ப் பெயர் வெட்டிய வாள்கள் ஏராளம், இது சண்டைக் காலத்துச் சரக்காகத்தான் இருக்கும், ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்று பதில் வந்தது. நான் விடவில்லை; வாளைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லி வைத்தேன். அடுத்தமுறை வேலையாக அவர் வந்தபோது பள்ளிப்பட்டுக்கே கூட்டிப்போனேன்.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார். முதலில் வாளுக்குத் தலைவணங்கினார். பிறகு அலகை அங்குலம் அங்குலமாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மூச்சு வுடாம பாத்துக்கினு கீறாரு?" என்று மாமியார் என் காதில் கேட்டார்.

பொறியாளர் வாளைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் எழுதியது தப்பு. இது நானூறு வருஷத்துக்குக் குறையாது. பெயரும் உண்மையானது. நீங்கள் பார்த்ததுதான் சரி."

எத்தனையோ பேர் பேச்சை மொழிபெயர்த்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த பாராட்டை நானே மொழிபெயர்க்க வேண்டி வந்தது அன்றுதான். ஒரு சொல்லும் விடாமல், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

மாமியார் தெருவாசலுக்குப் போய்விட்டார். "மிஷின்ல வெக்காதன்னு அன்னிக்கே சொன்னா எம் மருமவ!" என்று எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கறி வாங்கி வந்தான். மத்தியானம் விருந்தாளிக்குப் பக்கத்தில் எனக்கும் இலை போட்டு, அவனே பரிமாறினான்.