பிராதில் நான் சேர்த்த வரி

எங்கள் பக்கத்தில் மனக்குறை என்றால் முதலில் மணவாளநல்லூர்க் கோயில்தான் நினைவுக்கு வரும். அங்கே முருகனான கொளஞ்சியப்பருக்குக் குறையைத் தாளில் பிராதாக எழுதி, சன்னதியில் வைத்து வாங்கி, முனியப்பர் எதிரில் சூலத்தில் கட்டிவிட்டு வருவோம். குறை தீர்ந்ததும் மறுபடி போய் வாபஸ் வாங்க வேண்டும். சாமியிடம் கொடுத்தாலும் முறை முறைதான். மூன்றாவது படிக்கும்போது அப்படி ஒரு பிராதில் யாருக்கும் தெரியாமல் நான் ஒரு வரி சேர்த்தேன்.

அம்மா விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பொம்மைக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளின் விளிம்பை ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்கும் வேலை. பல வாரமாக விடாத இருமலுக்குச் ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து டி.பி. என்றார்கள். அதுவரை நான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் மூச்சு முகத்தில் பட்டால்தான் தூங்குவேன். மருந்து தொடங்கிய அன்றே அப்பாவின் அக்கா, என் அத்தை, என் பாயைச் சுருட்டி, அடுத்த தெருவிலிருந்த தன் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போய்விட்டாள்.

அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிடக் கூடாதாம். தினமும் மாலையில் அம்மா வாசல்படியில் முந்தானையால் வாயைப் பொத்தியபடி நிற்பாள். நான் தெருவில் நின்று, பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் கத்திச் சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் நான் நாலு தரம் இருமினேன். அத்தை பதறிவிட்டாள். மறுநாள் அப்பா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நர்ஸம்மா முன்கையில் தோலுக்கடியில் சின்ன ஊசி போட்டு, பேனாவால் சுற்றி வட்டம் போட்டார். சொறியக் கூடாது, மூன்றாம் நாள் வந்து காட்ட வேண்டும் என்றார். கை வீங்கினால் எனக்கும் ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம் என அத்தை தானாகவே முடிவு கட்டினாள். எனக்கு வந்துவிட்டால் அப்புறம் என்னை எதற்குப் பிரித்து வைக்க வேண்டும் என்று நான் ஒரு முடிவு கட்டினேன்.

அன்று சாயங்காலமே அத்தை என்னை மணவாளநல்லூருக்கு இழுத்துப் போனாள். அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

"எழுதுடி. எந்தம்பி பொண்டாட்டிக்கு நோவு தீரணும், வூட்டுல மத்தவங்களுக்கு ஒண்ணும் வரக்கூடாது."

முதல் பாதியை அப்படியே எழுதினேன். இரண்டாம் பாதிக்குப் பதில், 'என் கை நல்லா வீங்க வேண்டும்' என்று எழுதி மடித்துவிட்டேன். அத்தை அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சூலத்தில் கட்டினாள்.

மூன்றாம் நாள் கை இட்லி மாதிரி வீங்கியிருந்தது. சாமி இவ்வளவு சீக்கிரம் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. டாக்டர் சின்ன ஸ்கேலை வைத்து அளந்தபோது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் அப்பாவை உட்காரச் சொன்னார்.

"வீக்கம் மட்டும் வச்சு நோவுன்னு சொல்ல முடியாதுங்க. அந்தக் கிருமிய இவ உடம்பு முன்னாடியே பாத்திருக்குது, அடையாளம் வச்சிருக்குது. எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாம்."

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அம்மாவின் சளியிலும் இப்போது கிருமி இல்லையாம். மருந்தை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், பிள்ளை பக்கத்தில் படுக்கலாம் என்றார். எனக்குக் கேட்டது கடைசி வார்த்தை மட்டும்தான்.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா என் கையை மடியில் வைத்து, அழிந்துபோயிருந்த வட்டத்தை விரலால் தடவினாள்.

"ஒனக்குக் குடுக்க எங்கிட்ட இதுதான் இருந்துச்சா, கண்ணு."

"நாந்தாம்மா சாமிகிட்ட கேட்டேன்" என்றேன் பெருமையாக. அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆறு மாத மருந்து முடிந்து அவள் பூரண குணமானதும் பிராதை வாபஸ் வாங்கப் போனோம். அதையும் நானே எழுதினேன். அம்மாவின் நோவை மட்டும் எழுதினேன். என் வரியை யாரிடமும் சொல்லவில்லை.

போன வருஷம், நர்ஸிங் படிக்கும் என் நாத்தனார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். பத்தாவதோடு நின்ற எனக்கும் புரியும்படி சொல்லு என்றேன். உடம்பில் டி செல் என்று ஏராளம் இருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடையாளம்தான் தெரியுமாம். கிருமி வந்தால் காவல் செல் ஒன்று அதை விழுங்கி, அதன் துண்டைத் தன்மேல் ஏந்தி, நெறி கட்டும் இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுமாம். பொருந்துகிற டி செல் கிடைத்தாலும், ஆபத்துதான் என்று இன்னொரு சைகையும் கொடுத்தால்தான் அது விழிக்குமாம்.

"அப்போ அங்கயும் பிராதுதான். சன்னதியில வச்சா மட்டும் போதாது, முனியப்பர்கிட்டயும் கட்டணும்" என்றேன்.

"அண்ணி, இத எழுதினா எனக்கு பெயிலுதான்" என்று சிரித்தாள்.

விழித்தது பல்கிப் பெருகி, சில மற்ற செல்களை ஏவிவிடும், சில கிருமி புகுந்த செல்லையே கொன்றுபோடும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிந்துபோக, கொஞ்சம் மட்டும் அடையாளத்தை மறக்காமல் வருஷக்கணக்காகத் தங்கிவிடும். சின்ன வயதில் என் கையில் போட்ட ஊசியைப் பற்றிக் கேட்டேன். அதில் உயிருள்ள கிருமி இல்லை, கிருமியின் சாறு போல ஒன்றுதான் என்றாள். தங்கியிருந்தவை அதை அடையாளம் கண்டு, இரண்டு மூன்று நாளில் அங்கே கூடியதுதான் அந்த வீக்கம்.

அப்படியென்றால் நான் பிராது எழுதுவதற்கு வெகு முன்பே, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிய நாட்களிலேயே, அந்த வீக்கம் எனக்குள் எழுதப்பட்டுவிட்டது. அந்த மூச்சில் எனக்கு என்ன வந்தது என்று தெரிந்துதான் அம்மா அழுதாள். வந்ததை அடக்கி வைக்கும் காவலையும் சாமி எனக்குள்ளேயே வைத்திருந்தார் என்று அன்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அந்த வரியை மட்டும் நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.