கேட்டதில் பாதி நேரம்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனிக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கிடையாது. எழுபதுகளில் யாருக்குத்தான் இருந்தது? மெட்ராஸில் ஒரு மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்போம். நான் புரோகிராம் எழுதி, துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவேன்.

அந்த வருஷம், தற்காலிகத் தொழிலாளர்களில் யாரை நிரந்தரமாக்குவது என்பதைக் கம்ப்யூட்டரே பொறுக்கட்டும் என்றார்கள். இடைவெளி இல்லாமல் வந்தவர்களுக்கு வேலை நிரந்தரம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். அந்தத் தற்காலிகத் தொழிலாளர்களில் என் அண்ணனும் ஒருவர். உலைக்கருகே கை வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். வேலையில் பட்ட காயத்துக்கான லீவு இடைவெளி ஆகாது என்பது விதி. அதையும் எழுதியிருந்தேன். சரியாக எழுதினேனா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"டெஸ்ட் பண்ண எவ்ளோ நேரம் வேணும்?" என்றார் மேனேஜர்.

ஒவ்வொரு வகை லீவையும் ஓட்ட வேண்டும், தப்பு வந்தால் அட்டையை மாற்றி மறுபடியும் ஓட்ட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துப் பத்து மணி நேரம் என்றேன். ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார், ஒரு நிமிஷம்கூடச் சேத்துக் கேக்கல."

"எல்லாரும் அப்டித்தாம்மா சொல்றாங்க."

அவர் பழக்கம் அது. ஆணி கேட்டாலும் ஆள் கேட்டாலும் பாதிதான். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அதனால் இருமடங்காகக் கேட்பார்களாம். எனக்கு அதை யாரும் சொல்லித் தொலைக்கவில்லை.

சாதாரண லீவுகளைச் சரிசெய்வதற்கே ஐந்து மணி நேரமும் போயிற்று. காய லீவு அட்டைகள் ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றாமல் பையோடு திரும்பின.

எங்கள் ஊரான கவரைப்பேட்டை ஸ்டேஷனில் அண்ணன் காத்திருந்தார். "இன்னாம்மா, என் பேரு வருமா?"

"வந்துடும்ணே." வேறு என்ன சொல்ல?

வரவில்லை. கம்ப்யூட்டர் அச்சடித்த நிரந்தரப் பட்டியலில் காயம் பட்ட ஒருவர் பெயரும் வரவில்லை. மேனேஜரிடம் ஓடினேன்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதும்மா."

"தப்பு என் புரோகிராம்ல சார். இன்னொரு தடவ ஓட்ட விடுங்க" என்று தினமும் போய்க் கெஞ்சினேன். கடைசியில் சலித்துப்போய், "எவ்ளோ நேரம்?" என்றார்.

இந்த முறையும் பத்து என்றேன். ஐந்து கொடுத்தார். எனக்கு வேண்டியதும் ஐந்துதான். அண்ணன் பெயர் வந்தது. ஆனால் அதற்குள் அவரை அனுப்பிவிட்டு அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்திருந்தார்கள். "இடம் இல்லியேம்மா" என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலமும் அண்ணன் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தார். "இப்பவாவது வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே" என்றேன்.