நாற்பத்து நாலாவது விண்ணப்பம்

பிரிஸ்கில்லா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். பதினோரு வருஷமாகிறது. அவள் ஆங்கில இலக்கியம் படித்தவள் என்பது அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. எழுத்து வேலை ஒன்றாவது கிடைத்துவிடாதா என்று ஆன்லைன் வேலைத்தளமொன்றில் சேர்ந்து, பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போனிலேயே நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் போட்டாள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

எப்படிக் கேட்பார்கள்? 'ஆர்வமுள்ள புதிய எழுத்தாளர்' என்று ஊரெல்லாம் எழுதுகிறதையே அவளும் எழுதியிருந்தாள். பேக்கிங் வேலையைச் சொல்ல வெட்கம்.

நாற்பத்து நாலாவது, கோயம்புத்தூரில் மருத்துவப் பொருள் விற்கிற ஒருவர் போட்டிருந்த வேலை. இருபது பொருட்களுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விவரம் எழுத வேண்டும். அன்றைக்குத்தான் வெட்கத்தைத் தூக்கிப் போட்டாள். 'பதினோரு வருஷமாக பேண்டேஜ் துணி மடிக்கிறேன். பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துத்தான் எழுதுவேன். ஒவ்வொன்றிலும் ஒன்று அனுப்புங்கள்.' என்ன தைரியம் பாருங்கள். அரை மணி நேரத்தில் வேலை அவளுக்கு என்று பதில் வந்தது. அந்த வாரமே கூரியரும் வந்து சேர்ந்தது.

பத்தொன்பது பொருட்களுக்கு எழுதி முடித்தாள். இருபதாவது, காயத்துக்கு வைக்கிற துணிப் பாக்கெட். 'கிருமி நீக்கப்பட்டது' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் பாக்கெட்டின் ஓரத்துப் பட்டை வெளிர் சிவப்பாகவே இருந்தது. கிருமி நீக்கும் இயந்திரத்துக்குள் போய் வந்திருந்தால் அது கறுத்திருக்க வேண்டும். அவள் தினமும் பார்க்கிற பட்டை அது.

'இது இயந்திரத்துக்குள் போகவே இல்லை. கிருமி நீக்கியது என்று எழுத மாட்டேன்' என்று அனுப்பினாள். 'பெட்டியில் உள்ளதை எழுதினால் போதும்' என்று பதில் வந்தது.

கணவன் ஜோயல் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, கெடச்சதே இந்த ஒண்ணுதான். அதையும் ஏன் கெடுத்துக்கிடுத?"

"புண்ணுல வைக்கிற துணிங்க. தெரிஞ்சுக்கிட்டே எப்படி எழுத?"

அவள் முதலில் அனுப்பியதையே மறுபடியும் அனுப்பினாள்.

மூன்று நாள் கோயம்புத்தூர்க்காரரிடமிருந்து பதிலே வரவில்லை. பஸ்ஸில் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். முதல் வேலையைத் தானே தொலைத்துவிட்டோமே என்று அழுகைகூட வந்தது. வரத்தான் செய்யும். ஆனாலும் அந்த ஒரு சொல்லை எழுதிக் கொடுக்க அவள் மனம் இறங்கவில்லை. அவளை மெச்சாமல் எப்படி இருப்பது?

நாலாம் நாள் அவரே எழுதினார். குடோனில் இருந்த பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தாராம். எல்லாப் பட்டையும் வெளிர் சிவப்பாம். மொத்தச் சரக்கையும் வாங்கின இடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டாராம். கையோடு வேலைத்தளத்தில் அவள் பெயருக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார் கொடுத்து, 'பொருளைப் பிரித்துப் பார்க்காமல் எழுத மாட்டார். அதனால் தாமதமாகும்' என்றும் போட்டிருந்தார்.

"ஒரு ஸ்டாரக் கொறச்சிட்டாரே" என்று ஜோயல் குறைபட்டான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்த வாரம் புதிதாக இரண்டு பேர் வேலை கொடுக்க எழுதியிருந்தார்கள். பொருளை எந்த விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்றுதான் இருவருமே முதலில் கேட்டிருந்தார்கள்.