எகிப்து ராஜாவின் தாடிக்காகப் பூந்தமல்லி வரை

மகள் தெளிவாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள்: கிரீடம், தங்கக் கரை வேட்டி, வளைந்த செங்கோல், தாடி. எகிப்து ராணி வேஷத்துக்கான பட்டியல் அது. வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் நாடக உடை வாடகைக்கு விடும் பாய் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தாடி வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ராணிக்கு ஏது பாய் தாடி? சின்னப் பொண்ணு, அவசரத்துல எழுதிட்டா” என்று அவரிடமே பேனா வாங்கிப் பட்டியலில் தாடியை அடித்தேன். ஐம்பத்தோரு வயதில் எகிப்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அதுவும் தப்பு.

சனிக்கிழமை, பகல் 1.10. திருமுல்லைவாயிலில் ரயில் ஏறினோம். டிக்கெட் ஐந்து ரூபாய். அண்ணனூர் தாண்டினால் ஆவடி, அங்கிருந்து ஆட்டோவில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு மண்டபம். பள்ளிகளுக்கிடையே தனிநடிப்புப் போட்டி. ஒன்பதாவது படிக்கும் என் மகள் கயலுக்கு ஹட்செப்சுட் என்ற எகிப்து ராணி வேஷம். இரண்டு மாதமாக வீட்டில் தோசைகூட ஆணையிட்டுத்தான் கேட்டாள்.

1.55. மண்டபத்தில் பையைத் திறந்தாள்.

“அப்பா, தாடி எங்க?”

“ராணிக்கு எதுக்கும்மா...”

“அவங்க ராணி இல்லப்பா. ராஜா.”

கயல் விளக்கினாள்: ஹட்செப்சுட்டின் புருஷன், ராஜா, செத்துப்போனான். பட்டத்துக்கு வரவேண்டியவன் அவனுடைய இன்னொரு மனைவியின் பிள்ளை, குழந்தை. அவனுக்காக ஆள ஆரம்பித்த ஹட்செப்சுட், சில வருஷத்தில் தானே முடி சூட்டிக்கொண்டாள். அங்கே ராஜா என்றால் ஒட்டுத்தாடி கட்ட வேண்டும். அதனால் கோயில் சுவர்களில் அவளும் தாடியோடுதான் நிற்கிறாள்.

“தாடியக் கட்டிக்கிட்டு ராஜாவாகறதுதான்பா என் நடிப்பே. அது இல்லன்னா நான் சும்மா கிரீடம் வெச்ச பொண்ணு.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன். நான்கு மணிக்கு அவள் முறை.

2.10. பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். டிரைவருக்குப் பக்கத்தில் அரை சீட்.

“இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

சொன்னேன். காடுவெட்டிப் பாலத்தில், கூவத்துக்கு நேர் மேலே, வண்டிகள் நின்றுவிட்டன. பதற்றத்தில் நான் வாயை மூடுவதில்லை. ஹட்செப்சுட் ஐந்து கப்பல் அனுப்பி, புன்த் என்ற தூர தேசத்திலிருந்து சாம்பிராணி மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கொண்டுவர வைத்ததாகக் கயல் சற்றுமுன் சொன்ன கதையையும் சொன்னேன்.

“அவ்ளோ தூரத்திலேர்ந்து மரத்தையே தூக்கினு வந்துகீறானுங்க. நீ இங்கிருக்கிற பூந்தமல்லிலேர்ந்து ஒரு தாடி எடுத்தார முடில.”

பின்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா, “அந்தப் பொண்ணையே அனுப்பியிருக்கலாம்பா, இந்த ஆள இன்னாத்துக்கு அனுப்பினாங்க?” என்று டிரைவரிடம் கேட்டார். நான் இறங்கிப் போய்விட்டதுபோல.

2.55. கடை. அந்தத் தாடியைக் காலையில் ஒரு முனிவர் வாடகைக்கு எடுத்துப் போயிருந்தார். மிச்சம் இருந்தது ஒன்று, தொப்புள் வரை நீண்ட வெள்ளைத்தாடி.

“போட்டோ இருக்கா சார்?” என்றார் பாய். மொபைலை நீட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “இது தாடி இல்ல சார். ஜடை.”

இழுப்பறையிலிருந்து ஒரு சின்னச் சவுரியை எடுத்தார். கல்யாண வீடுகளில் பெண்கள் பின்னலோடு சேர்த்து முடியும் அதே சவுரி. உள்ளே கம்பி செருகி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் எலாஸ்டிக் தைத்தார்.

“நம்ம பொம்பளைங்க பின்னாடி கட்றாங்க. அந்தம்மா முன்னாடி கட்டியிருக்காங்க. இவ்ளோதான?”

இதைத் தைத்து முடிக்க இருபது நிமிஷம். கடைக் கண்ணாடியில் என் மோவாயில் வைத்தும் பார்த்தார். எனக்குப் பொருந்தவில்லை.

4.15. மண்டபம். கயலின் பெயரை ஒருமுறை கூப்பிட்டாகிவிட்டது. அவளுடைய டீச்சர் கெஞ்சி, கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்.

4.40. மேடையில் அவள் சவுரியை எடுத்துக் காதில் மாட்டினாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் அசையாமல் நின்றாள். சிரிப்பு தானாக அடங்கும்வரை நின்றாள்.

“முடிஞ்சுதா? இப்ப எழுந்து நில்லுங்க. ராஜா பேசப் போறேன்.”

முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் பாதி எழுந்து, பிறகு சுதாரித்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஹட்செப்சுட் செத்தபிறகு அவள் பெயரையும் முகத்தையும் சுவர்களிலிருந்து கொத்தி எடுத்ததையும், அந்தக் கொத்தின தடத்தை வைத்தே பிற்காலத்தில் அவளைக் கண்டுபிடித்ததையும் சொல்லி முடித்தாள்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு, கண்மையில் மீசை வரைந்த ஒரு சுதந்திரப் போராட்ட வீரருக்கு.

6.20. ஆவடி, பிளாட்பாரம். எகிப்து மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு அப்பால் இருக்கிறது. நான் அன்று போய்வந்தது பூந்தமல்லிக்குத்தான். களைப்பு என்னவோ எகிப்து போய் வந்த மாதிரி. சமோசா வாங்கிக் கொடுத்துவிட்டு, வரலாறு தெரிந்தவன்போல ஆரம்பித்தேன்.

“அவ்ளோ நல்லா ஆண்டவங்க பேரக் கொத்தி எடுத்தானுங்களே, எவ்ளோ கெட்டவனுங்களா இருந்திருப்பானுங்க?”

கயல் சமோசாவை மென்று முடித்தாள்.

“கெட்டவங்கள்லாம் இல்லப்பா. உன்ன மாதிரி யாராச்சும்தான் இருந்திருப்பாங்க.”