குழிக்கு வந்த காய்ச்சல்

தேனியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், மருமகள் பழைய பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் கொட்டி உரம் செய்கிறாள். குப்பை வண்டிக்கு இப்போது எங்கள் வீட்டிலிருந்து போவது கொஞ்சம் பிளாஸ்டிக் கவர்தான். நேற்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தை, தொட்டுப் பாருங்களேன். உள்ள சூடாயிருச்சு."

அவளுக்கு ஒரே சந்தோஷம். நான் விரலை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சூடு பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய பயம்.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்போது வீட்டில் குப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. ஓட்டை உடைசலெல்லாம் பேரீச்சம்பழக்காரருக்குப் போகும். அவர் பழத்தில் பாதி மண்தான். ஆனாலும் அவர் மணியடித்தால் நல்ல கரண்டியைக்கூட வளைத்து எடுத்துக்கொண்டு ஓடிய பிள்ளைகள் உண்டு. சரி, அது கிடக்கட்டும். மிச்சமெல்லாம் பின்வாசலுக்கு நேரே இருந்த எருக்குழிக்கு. சாணி, சாம்பல், வாழைச்சருகு, கிழிந்த பாய் எது போட்டாலும் தின்றுவிடும் அந்தக் குழி.

ஒரு மார்கழியில் தம்பிக்கு அம்மை போட்டது. வேப்பிலை மேல் கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சோறும் இல்லை, பேச்சும் இல்லை. அவன் படுத்த இலையைக் கால் படாத இடத்தில் போட வேண்டும். எங்கள் வீட்டில் கால் படாத இடம் குழி ஒன்றுதான். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அதை அள்ளிப்போய்க் குழியில் போட்டுச் சாணியால் மூடினார்.

மறுநாள் விடிந்ததும் பார்க்கிறேன், குழி புகைந்துகொண்டிருந்தது. மாமா அதில் குத்தி வைத்திருந்த கடப்பாரையை உருவி என்னிடம் நீட்டினார்.

"தொட்டுப் பாரு ஆத்தா."

தொட்டேன். தம்பியின் நெற்றி சுடுவது போலவே சுட்டது.

"ஒன் தம்பி காய்ச்சலு பூராம் இங்கன எறங்கிருச்சு," என்றார் மாமா, பக்கத்தில் நிற்கிற என்னிடம் எதற்கோ தெருவுக்கே கேட்கிற குரலில்.

காய்ச்சல் குழிக்குள் உயிரோடு படுத்திருக்கிறது. மாமாவோ மண்வெட்டியை எடுத்துக் குழியைப் புரட்டிப்போடக் கிளம்பிவிட்டார்.

"தோண்டாதீக மாமா, வெளிய வந்துரும்."

"வந்தா வரட்டும். பழைய சோத்து நீச்சத்தண்ணி ஊத்தி அனுப்பிருவோம்."

முதல் வெட்டிலேயே புகை குபுக்கென்று கிளம்பி வீட்டைப் பார்த்து வந்தது. நான் ஓடிப்போய்ப் பின்வாசல் கதவைச் சாத்தி, வெளியே நாதாங்கியைப் போட்டு, முதுகைக் கொடுத்து நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். வந்தால் என்னைப் பிடித்துக்கொள்ளும், தம்பியைத் தொடாது என்று ஒரு கணக்கு. ஆனால் என்னைப் பிடித்துவிடுமே என்று அழுகையும் வந்தது.

உள்ளேயிருந்து அம்மா கதவைத் தட்டினாள்.

"ஏ கழுத, கதவத் தொற. தம்பி கஞ்சி கேக்குறான்டி."

திறக்கவில்லை. புகை இன்னும் அடங்கவில்லையே.

அம்மா முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மாமா கடப்பாரையை நீட்டினார். அம்மா அதைப் பிடித்தாள்; பிடித்தவள் விடவே இல்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் பசிக்குதுடா," என்றாள்.

தம்பிக்குப் பேரன் பிறந்தாயிற்று, சின்னமனூரில் சௌக்கியமாக இருக்கிறான். நான்தான் ரொம்ப நாள் அந்தக் குழிப் பக்கம் போகவே இல்லை.

மாமா அவ்வளவு சத்தமாகச் சொன்னது எனக்கில்லை, கதவுக்கு உள்ளே இருந்தவளுக்கு என்று அப்போது தெரியவில்லை. குப்பை மக்குகிற சூட்டில் அந்தக் குழி எந்த மார்கழியிலும் சுடும். தினமும் அதில் சாணி கொட்டிய அம்மாவுக்கு அது தெரியாதா? தெரிந்தும் அந்தக் கடப்பாரையை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டாள் என்பது, எனக்குப் பிள்ளை பிறந்து, அதற்கும் ஒரு நாள் உடம்பு சுடும் வரை விளங்கவில்லை.